நிறைபடி

மண்டோர் இருளப்பன் வீட்டுப் பக்கத்தறையில் அதுவரைக்கும் படுத்தது அவர் மகன் அழகேசனும் நாலு கோழியும்தான். தோட்டத்து ஆட்களை மேய்க்கிற மண்டோர் என்பதால் வரிசை வீடுகளாக நின்ற லயத்தின் கடைக்கோடியில் அவருக்கு மட்டும் ஒரு அறை கூடுதல். கூடுதல் என்றதும் மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மூலையில் மரவள்ளிக்கிழங்கு, ஒரு மூலையில் விறகு, ஓட்டை விழுந்த பால்வாளிகள், நடுவே இரண்டு பலகை. மழை பெய்தால் தகரம் ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டு அழகேசன் காலை மடக்கிக்கொண்டு தூங்குவான். அந்த அறைக்கு ஒரு ஜப்பான்காரன் விருந்தாளியாக வருவான் என்று யார் கண்டது?

ஆவணி மாதம். ஜப்பான்காரன் வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. பால்வெட்டு நின்று போய், நாங்கள் ரப்பர் மரத்துக்கு நடுவே மரவள்ளி நட்டு, அதையே காலையில் அவித்தும் மத்தியானம் சுட்டும் ராத்திரி களி கிண்டியும் தின்றுகொண்டிருந்தோம். பங்கீட்டு அரிசி வந்தால் அது கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான் காணும். பிச்சையம்மாள் அன்றைக்கும் வாசலில் குந்திக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சிவகுரு சேற்றில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். எந்த அவசரத்திலும் நடையில் ஒரு நிதானம் இருக்கும். அன்றைக்கு அது இல்லை.

"பிச்சையம்மா, இருளப்பன் நிக்கிறாரோ?"

"உள்ளாறதான் இருக்காரு ஐயா. ஏங்க! கிராணி ஐயா வந்திருக்காங்க."

இருளப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே வந்தார்.

"நாளைக்குப் பின்னேரம் ஒரு ஜப்பான் துரை வாறார். சயாமில ரயில் போட ஆள் எடுக்கிறவர். இரவு இஞ்சதான் தங்குவார்" என்றார் சிவகுரு. "பங்களாவில கூரையும் இல்லை, கதவும் இல்லை. என்ர வீட்டில பிள்ளையளுக்கு அம்மாள் வந்திருக்கு. உங்கட பக்கத்தறையத்தான் ஆயத்தப்படுத்த வேணும்."

அந்த அம்மை அப்போதுதான் வந்திருக்க வேண்டும். காலையில்தான் அந்தப் பிள்ளைகள் ஆற்றில் குதித்துக் கும்மாளம் போட்டதை நானே பார்த்தேன். ஆனால் கிராணி வீட்டு அம்மையைப் பற்றி நாக்கு மேல் பல்லைப் போட்டுக் கேட்க யாரால் முடியும்?

"கோழி அடையிற எடத்துலயா ஐயா தொரைய படுக்க வைக்கிறது?" என்றார் இருளப்பன். "தலைய சீவிருவான்லா."

"அதுக்குத்தான் சொல்லுறன், நல்லா ஆயத்தப்படுத்துங்கோ." கிராணி குரலைத் தணித்தார். "இஞ்ச பாருங்கோ, போன முறை கலியாணம் கட்டின ஆக்களைக் கொண்டு போனவை. இந்த முறை இளம் பெடியளைக் கேக்கினம். அழகேசன்ர பேரும் விழும்."

பிச்சையம்மாள் கையிலிருந்த கத்தி கிழங்கோடு நின்றுவிட்டது. அவளுக்குப் பிறந்ததில் இரண்டைக் குளிர்காய்ச்சல் கொண்டு போய்விட்டது. மிஞ்சியது அழகேசன் ஒருவன்தான்.

"பயப்பிடாதேங்கோ. ஆள் கொஞ்சம் நல்ல மாதிரி எண்டு கேள்வி. செர்டாங் பக்கம் ஒரு தோட்டத்தில தன்னை நல்லாப் பாத்த வீட்டுப் பெடியனை விட்டிட்டுப் போனவராம். இஞ்சயும் ஒரு இரவு சந்தோசமா நித்திரை கொள்ளட்டும். விடியக் கோப்பி குடிக்கேக்க நான் பக்குவமாக் கதைக்கிறன்."

"அறை நல்லாயிருந்தா எம்புள்ளைய விட்டுருவானா ஐயா?"

"விடலாம்."

"விடலாமா, விடுவானா?"

சிவகுரு வாசலில் மேய்ந்த கோழிகளைப் பார்த்தார். "ஒண்டைப் பிடிச்சு வையுங்கோ, கறிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் பிச்சையம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு அறை. அதை ஜோடித்து வைத்தால் பிள்ளை பிழைப்பான், இல்லாவிட்டால் சயாம் காடு. சயாமுக்குப் போனவர்கள் ஒருவரிடமிருந்தும் ஒரு வார்த்தை வந்ததில்லை. விறகை வெளியே வீசினாள், கிழங்கை அடுப்படிக்கு அள்ளினாள், தரையைச் சாணியால் மெழுகினாள், சுவருக்குச் சுண்ணாம்பு கரைத்து அடித்தாள். கோழிகள் மட்டும் விடாமல் திரும்பத் திரும்ப உள்ளே வந்தன. அவற்றைத் துரத்தித் துரத்தி அழகேசன் சிரித்தான்.

"மா, இதுங்களுக்கும் சேத்து ஜப்பான்காரன்கிட்ட மன்னிப்பு கேட்டுரு."

"சிரிக்கிறியா? சிரி. எனக்கு ஈரக்குலை நடுங்குது, ஒனக்குச் சிரிப்பு வருது."

அறை சுத்தமாயிற்று. ஆனால் அதில் வைக்க என்ன இருந்தது? பலகை இரண்டு, கோணிச் சாக்கு ஒன்று. துரை படுக்கிற அறைக்கு வேண்டிய சாமான் என்னவென்று பிச்சையம்மாளுக்குத் தெரியும். பங்களாவில் ஒரு வருஷம் கூட்டிப் பெருக்கியவள் அவள். இரும்புக் கட்டில், மெத்தை, கொசுவலை, சன்னலுக்குத் திரை, தலையணைக்குப் பூப்போட்ட உறை. அத்தனையும் எங்கள் லயத்தில் இருந்தன. அதுதான் பெரிய வம்பு.

வெள்ளைக்காரத் துரை காரேறி ஓடிய மறுநாள் பங்களாக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் வெறுங்கையோடு இருந்தவர் கோயில் பூசாரி ஒருவர்தான், அவருக்கும் அன்று காய்ச்சல். அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். பட்டணத்தில் கொள்ளையடித்தவன் தலையை வெட்டிப் பாலத்து மேல் வைத்திருக்கிறான் என்று சேதி வந்த ராத்திரியே பங்களாச் சாமான்கள் எல்லாம் மாயமாகிவிட்டன. கடிகாரம் கிணற்றுக்குள் போனது. மெத்தை சாக்குக்குள் போனது. இப்போது அவற்றை வெளியே எடுத்து, அதே ஜப்பான்காரன் கண் முன்னால் பரப்ப வேண்டும்.

"நான் போயி கேக்க மாட்டேன்" என்றார் இருளப்பன். "காட்டிக் குடுக்க வந்திருக்கான்னு நெனைப்பாங்க."

"நீங்க போவ வேணாம். ஒங்க மொகத்த பார்த்தா குடுக்குறவங்களும் குடுக்க மாட்டாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். போன முறை சயாமுக்கு ஆள் எடுத்தபோது, காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பிரட்டில் ஜப்பான்காரன் பக்கத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டது இருளப்பன்தான். கூப்பிடாவிட்டால் அவரை அடித்தே கொன்றிருப்பான், அது உண்மை. கூப்பிட்ட குரல் அவருடையது, அதுவும் உண்மை. எங்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு அவரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

பிச்சையம்மாள் தானே கிளம்பினாள். முதலில் குழந்தைவேலு வீடு. துரையின் கட்டில் அவன் வீட்டுப் பின்னால் பாகற்கொடிக்குப் பந்தலாக நின்றது.

"கட்டிலா? எங்க இருக்கு கட்டிலு?" என்றான் அவன்.

"அண்ணே, பாவக்காய் தொங்குதே, அது என்ன?"

"அது பந்தலு."

"பந்தலுக்குப் பித்தளைக் குமிழ் எதுக்குண்ணே?"

குழந்தைவேலு அந்தக் குமிழையே பார்த்தான். அப்புறம் பாராங் கத்தியை எடுத்து, காய்த்துக் கிடந்த கொடியைத் தானே வெட்டினான். "அழகேசனுக்காகத்தான்" என்றான். கட்டிலோடு, சாக்குக்குள் கிடந்த, உறை போட்ட தலையணையையும் மெத்தையையும் கேட்காமலே தூக்கிக் கொடுத்தான். எலி ஒரு ஓரம் தின்றிருந்தது.

பாப்பம்மாவிடம் திரை இருந்தது. இருந்தது என்றால், அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகள் இடுப்பில் பாவாடையாக இருந்தது. பச்சையில் வெள்ளைப் பூ. அந்தப் பஞ்சத்தில் தோட்டத்துப் பிள்ளைகளெல்லாம் சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிய, அவை இரண்டும்தான் பூப்போட்டுக்கொண்டு திரிந்தன.

"அக்கா, அவுத்துக் குடுத்துட்டா புள்ளைங்க என்னத்தக்கா கட்டும்?"

"ஒரு ராத்திரிதான் பாப்பம்மா. விடிஞ்சதும் குடுத்துர்றேன்."

"பெரியவ ஆளாகப் போற புள்ளக்கா."

"தெரியும் தாயி. வாய் கூசிக்கிட்டுத்தான் கேக்குறேன்."

பாப்பம்மா முணுமுணுத்துக்கொண்டே தையலைப் பிரித்தாள். பிள்ளைகள் வீட்டுக்குள் சாக்கைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தன. சின்னது மட்டும் அழுதது.

மிஞ்சியது கொசுவலை. அது காளியம்மா வீட்டில் இருந்தது. அந்த வீட்டு வாசலுக்கு மூன்று தடவை போய், மூன்று தடவையும் தண்ணீருக்குப் போகிறவள் போலத் திரும்பினாள் பிச்சையம்மாள். காளியம்மாவின் புருஷன் ராமையா முதல் லோரியில் சயாமுக்குப் போனவன். அவன் போன பிறகு பிறந்த பிள்ளை அந்த வலைக்குள்தான் தூங்கியது.

"உள்ள வாங்க மண்டோர் பொஞ்சாதி" என்றாள் காளியம்மா, திரும்பிப் பார்க்காமலே. அவள் விறகு பிளந்துகொண்டிருந்தாள். "எத்தன தடவ தண்ணிக்குப் போவீங்க? கொடம் இல்லாம?"

"காளியம்மா, ஒன்னு கேட்டு வந்தேன்."

"தெரியும். குழந்தைவேலு அண்ணன் கட்டிலு போச்சு. பாப்பம்மா மக கோணிய சுத்திக்கிட்டு நிக்கிது. அடுத்து கொசுவலதான?"

பிச்சையம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எம்புருசன் பேர யாரு கூப்புட்டது?"

"எங்க வீட்டுக்காரருதான்."

"சத்தமா சொல்லுங்க. புள்ள முழிச்சாலும் பரவால்ல."

"எங்க வீட்டுக்காரருதான் தாயி கூப்புட்டாரு."

"அன்னிக்கு நீங்க எங்க நின்னீங்க?"

"பெரட்டுக் களத்துலதான் நின்னேன். எம்மகன் பேரு வரலன்னு மாரியாத்தாளுக்குக் கும்புடு போட்டேன். ஒன் மொகத்த நான் பாக்கல. பாத்தா கும்புடு வராதுன்னுட்டுப் பாக்கல." பிச்சையம்மாள் கையைக் கூப்பினாள். "என்னைய வையி. காறித் துப்பு. நான் கேட்டுக்கிறேன். வலைய மட்டும் இல்லேன்னு சொல்லிராத."

காளியம்மா கோடரியைக் கீழே போட்டாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று பிச்சையம்மாள் நினைத்தாளாம். அவள் நேரே உள்ளே போய், தூங்குகிற பிள்ளையை ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மறு கையால் வலையை அவிழ்த்தாள். அவிழ்க்கும்போதே அழுதாள். அழுதுகொண்டே பேசினாள்.

"எடுத்துட்டுப் போங்க. கொசு கடிச்சா கடிக்கிது, ஒரு ராத்திரிதான. ஆனா அந்த ஜப்பான்காரன்கிட்ட ஒன்னு கேக்கணும். ராமையான்னு ஒருத்தன், வலது கன்னத்துல வெட்டுத் தழும்பு. உசுரோட இருக்கானா இல்லையா? கிராணிய கேக்கச் சொல்லுங்க. மொதல்ல ஒங்க மகன கேளுங்க. அப்புறம் எம்புருசன கேளுங்க."

"கேக்குறேன். சத்தியமா கேக்குறேன்."

மறுநாள் மத்தியானத்துக்குள் அறை உருவாகிவிட்டது. அழகேசன் கூரையேறி, ஒழுகுகிற தகரத்துக்கு மேல் ரப்பர் ஷீட்டை விரித்துக் கல் வைத்தான். கட்டில் காலில் இருந்த துருவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். மெத்தையின் எலி தின்ற பக்கம் சுவரோரம் போனது. திரையைத் தொங்கவிட்டபோது பாவாடை நாடா போன மடிப்பு கோடாகத் தெரிந்தது. பிச்சையம்மாள் அதைத் தண்ணீர் தெளித்துக் கையால் நீவி நீவிப் பார்த்தாள், போகவில்லை. பீர் போத்தலில் செம்பருத்தி வைத்தாள். வேடிக்கை பார்க்கப் போன நாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம். பங்களாவில் துரை படுத்த அறை அப்படியே எங்கள் லயத்துக்கு வந்துவிட்டது போல இருந்தது. அது சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"இது என்ன எழுத்து?" என்று கேட்டார் இருளப்பன், தலையணை உறையைத் தூக்கி. ஓரத்தில் நீல நூலால் இரண்டு இங்கிலீஷ் எழுத்துப் போட்டிருந்தது. ஓடிப்போன துரையின் பேர்.

எல்லாருக்கும் முகம் செத்துவிட்டது. பிரிக்கப் பார்த்தால் துணி கிழிந்தது. கடைசியில் பிச்சையம்மாள் பெட்டியைத் திறந்து தன் கல்யாணக் கூறைச் சேலையை எடுத்தாள். அதை மடித்துத் தலையணை மேலும் மெத்தை மேலும் விரித்தாள். அதுவரை அந்தச் சேலையை ஒரு தீபாவளிக்குக்கூட அவள் கட்டி நாங்கள் பார்த்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு மனசு நிறையவில்லை. அடுப்படிப் பானைக்குள்ளிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்தாள். பங்கீடு வரும்போதெல்லாம் ஒரு கைப்பிடி, ஒரு கைப்பிடி என்று தீபாவளிக்காக ஒதுக்கிய அரிசி. ஊரிலிருந்து வந்த பித்தளைப் படியைப் புளி போட்டு விளக்கி, அதில் அரிசியைக் கூம்பாகக் கொட்டினாள்.

"அடியே, அரிசிய வெளிய காட்டாத" என்று பதறினார் இருளப்பன். "எங்க ஒளிச்சு வச்சிருந்தன்னு கேப்பான்."

"கேக்கட்டும். நம்ம வீட்டுல மொத மொதலா ராத்தங்க வர்றவங்களுக்கு நெறபடி வைக்காம, அது என்ன வரவேற்பு? ஒங்க தங்கச்சி மறுவீட்டுக்கு வந்தப்ப ஒங்கம்மா வைக்கலையா?"

"அது மாப்பிள்ளைக்கு."

"இவன் எனக்கு மாப்பிள்ளைக்கும் மேல. எம்புள்ள உசுரு இவன் கையில இருக்கு."

ஊரிலிருந்து ஊதுபத்தி வந்த காலமெல்லாம் கப்பலோடு போய்விட்டது. கோலா கெத்தில் டவுனில் சீனன் கடையில் வாங்கின சிவப்புக் குச்சிப் பத்திதான் இருந்தது. அதில் மூன்றை எடுத்து அரிசியில் நேராகக் குத்தினாள். படியை வாசற்பக்கம் வைத்தாள். பிள்ளை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"மா, இங்க இருந்தா பூட்ஸ் காலால ஒதச்சிருவான்." அழகேசன் படியைத் தூக்கிக் கட்டிலோரத்து ஸ்டூலில், தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான். "இப்பப் பாரு, படுத்தா மூக்குக்கு நேரா வாசம் வரும்."

நன்றாகத்தான் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

பொழுது சாயும்போது மழையோடு லோரி வந்தது. முன்னால் ஒரு சிப்பாய், பின்னால் ஒரு சிப்பாய், நடுவில் அவன். ஒல்லியாக, நரைத்த மீசையோடு, பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தான். கிராணி இடுப்பு ஒடியக் குனிந்தார். இருளப்பன் அதைவிடக் குனிந்தார். அவன் வாசலில் நின்று, குனிந்து, பூட்சைக் கழற்றினான். எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கிற துரை எவனும் அதுவரை செருப்பைக் கழற்றியதில்லை. பிச்சையம்மாள் என் கையைப் பிடித்து நசுக்கினாள். "நல்லவன்தான்லா" என்று காதில் சொன்னாள்.

கோழிக்கறியும் அவித்த கிழங்கும் தின்றான். கூட வைத்த அவித்த முட்டையை மோந்து பார்த்துச் சிரித்தான். கிராணியிடம் ஏதோ கேட்டான். கிராணி ராத்திரிப் பள்ளியில் படித்த ஜப்பான் பாஷையைக் கொண்டு தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னார்.

"என்ன சொல்றாரு ஐயா?"

"கனநாளைக்குப் பிறகு வீட்டுச் சாப்பாடு எண்டு சொல்லுறார். பிச்சையம்மா, காரியம் சரிவரும் போலதான் கிடக்கு."

அதற்குள் பிச்சையம்மாள் ஓடிப்போய்ப் பத்தியைக் கொளுத்திவிட்டு வந்தாள். அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அழகேசன் முன்னால் நடந்தான். ஜப்பான்காரன் அறைக்குள் வந்தான். கட்டிலைப் பார்த்தான். திரையைத் தொட்டான். கொசுவலையின் ஓரத்தைத் தூக்கி அதன் நெசவைப் பார்த்து, "ஓ" என்றான். சேலை மேல் கையை ஓட்டினான். நாங்கள் சன்னலுக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு நின்றோம். காளியம்மாவும் பிள்ளையைச் சாக்கால் மூடிக்கொண்டு நின்றாள். எழுத்தைப் பார்த்துவிடுவானோ, மெத்தையைத் திருப்பிவிடுவானோ என்று எங்கள் கண்ணெல்லாம் தலையணை மேலேயே இருந்தது.

அவன் தலையணைப் பக்கம் திரும்பினான். ஸ்டூலைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

முதலில் மெதுவாகத்தான் ஏதோ கேட்டான். கிராணிக்கு விளங்கவில்லை. "அரிசி துரை, நல்ல அரிசி" என்று தமிழிலேயே உளறினார். அவன் மறுபடி கேட்டான், இந்தத் தடவை கத்தினான். கத்திக்கொண்டே கிராணி கன்னத்தில் விட்ட அறையில் அவருடைய கண்ணாடி பறந்து சுவரில் மோதியது. படியை அவன் தொடவில்லை. அதன் பக்கம் கால் படாமல் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் பின்வாங்கினான். அவன் முகத்தில் கோபம் மட்டும் இல்லை, பயமும் இருந்தது. அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கு அதிகமாகப் பயம் வந்தது.

"ஆர் இதை வைச்சது எண்டு கேக்கிறார்" என்றார் கிராணி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "ஆர் வைச்சது? கெதியாச் சொல்லுங்கோ!"

பிச்சையம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் அழகேசன் விளக்கைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தான்.

"நான்தான் வச்சேன். எங்கம்மாவுக்கு ஒன்னும் தெரியாது."

"இல்லீங்க ஐயா, நாந்தான்…"

"மா, சும்மா இரு. இந்த ஸ்டூல்ல நான்தான வச்சேன்? பொய்யா சொல்றேன்?"

ஜப்பான்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். அடிக்கவில்லை. கிராணியிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பூட்சைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி, ரப்பர் ஸ்டோருக்குப் படுக்கப் போய்விட்டான்.

"என்ன சொன்னான் ஐயா?"

சிவகுரு உடைந்த கண்ணாடியைத் தடவி எடுத்தார். "விடிய இவன்தான் முதல் ஆளாம்."

அந்தக் கட்டிலில் அன்றைக்கு யாரும் படுக்கவில்லை.

விடியும் முன்னே அடுப்புப் புகைந்தது. படியிலிருந்த பத்திக் குச்சிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சாம்பலை ஊதி, அத்தனை அரிசியையும் பிச்சையம்மாள் உலையில் போட்டாள். சோறு கொதிக்கிற வாசம் லயம் முழுக்கப் போனது. எத்தனையோ மாதமாக மறந்த வாசம். பிள்ளைகளெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டன.

"தீவாளிக்குன்னு வச்சிருந்தியேம்மா."

"இன்னிக்குத்தான்டா தீவாளி. தின்னு."

"பத்தி வாசம் அடிக்கிதும்மா."

"அடிச்சா அடிச்சிட்டுப் போவுது. தின்னுடா என் ராசா."

அவள் உருட்டி உருட்டிக் கையில் வைத்தாள், அவன் தின்றான். அப்பாவுக்கு ஒரு உருண்டை நீட்டினான். இருளப்பன் வாங்கி வாயில் வைத்தார். அது தொண்டையில் இறங்கவில்லை. வெளியே போய்த் துப்பிவிட்டு, அப்படியே பிரட்டுக் களத்துக்கு நடந்தார். பேர் கூப்பிட அவர்தான் போக வேண்டும்.

போன முறை மாதிரியே ஜப்பான்காரன் பக்கத்தில் நின்றார். கூப்பிடு என்று சிப்பாய் முழங்கையால் இடித்தான். அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி இடித்தான்.

"இருளப்பன் மகன் அழகேசன்" என்றார்.

"வந்தேம்பா" என்றான் அவன்.

அதற்குப் பிறகு கூப்பிட்ட பேரெல்லாம் யார் காதிலும் சரியாக விழவில்லை. அவரைப் பேசாமல் ஒதுக்கியிருந்த குழந்தைவேலு போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். இல்லாவிட்டால் விழுந்திருப்பார்.

லோரி கிளம்பும்போது காளியம்மா பிள்ளையோடு ஓடி வந்தாள். கொசு கடித்துப் பிள்ளையின் முகமெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"தம்பி! ராமையா மாமாவ பாத்தீன்னா ஆம்பளப் புள்ளன்னு சொல்லு! கேட்டுச்சா? ஆம்பளப் புள்ள!"

"சொல்றேங்க்கா!" என்று கத்தினான் அழகேசன். "மா, கோழிய ரூம்புக்குள்ள விட்றாத!"

லோரி வளைவில் திரும்பியது. பிச்சையம்மாள் அழவில்லை.

மத்தியானம் கிராணி வந்தார். கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. வந்தவர் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

"சொல்லுங்க ஐயா" என்றாள் பிச்சையம்மாள். "நான் என்ன தப்பு செஞ்சேன்? எழுத்தப் பாத்துட்டானா?"

"அதையெல்லாம் அவன் பாக்கவே இல்லை. லோரி வெளிக்கிடமுன் ஒரு சிப்பாயிட்ட கேட்டனான். அவையின்ர ஊரில, செத்த ஆளின்ர தலைமாட்டிலதான் சோறு வைச்சு, அதில அவை சாப்பிடுற குச்சியை நேராக் குத்தி, பத்தி கொளுத்துறவையாம். எங்கட வாய்க்கரிசி மாதிரி. தன்னைச் செத்தவன் எண்டு வைச்சுப் படுக்கை போட்டிருக்கினம் எண்டு நினைச்சிட்டான்."

"செத்தவனுக்கா?"

"ஓம்."

பிச்சையம்மாள் அடுப்படியைப் பார்த்தாள். பானை இன்னும் கழுவாமல் கிடந்தது.

"ஐயோ, அந்தச் சோத்தத்தான எம்புள்ளைக்கு ஊட்டி அனுப்பினேன்!"

அப்போதுதான் அழுதாள். தலையிலும் மாரிலும் அடித்துக்கொண்டு அழுதாள். பாப்பம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், கிராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நமக்கும் செத்த வீட்டில் தலைமாட்டில் மரக்கால் உண்டு, ஆனால் அதில் நெல்தான் இருக்கும். அரிசி நிறைத்துப் பத்தி கொளுத்தினால் அது நல்ல காரியம். இதைப் போய் எந்த ஜப்பான்காரனிடம் சொல்லி நியாயம் கேட்பது?

சாயங்காலம் ஒவ்வொருவராகச் சாமான் எடுக்கப் போனோம். பாப்பம்மா ஒரு திரையை மட்டும் அவிழ்த்தாள். "சின்னதுக்குத்தான்கா. பெரியவளுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். குழந்தைவேலு கட்டிலைச் சுற்றி வந்து, குமிழைத் தடவிவிட்டு, "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

காளியம்மா வலையை அவிழ்க்கவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து அந்தக் கட்டிலில், கூறைச் சேலை மேல் போட்டு, வலையைச் சுற்றிச் செருகினாள்.

"அழகேசன் வர்ற வரைக்கும் இவன் இங்கயே படுக்கட்டும்கா. நானும் கீழ படுத்துக்கிறேன். ரெண்டு பேரும் ஒன்னாவே வரட்டும்."

பிச்சையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காலிப் படியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். காளியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி அரிசி போட்டாள். பாப்பம்மா ஓடிப்போய் ஒரு பிடி கொண்டுவந்தாள். நானும் போட்டேன். லயம் முழுக்கப் போட்டும் படி நிறையவில்லை. மிச்சத்துக்குக் காய்ந்த மரவள்ளியை இடித்துப் போட்டு நிறைத்தாள். மூன்று சிவப்புப் பத்தியை எடுத்தாள்.

"வேணாம்டி" என்றார் இருளப்பன். "அதான் சொன்னாங்கல்ல, செத்தவனுக்கு வைக்கிறதுன்னு. எனக்கு பயமா இருக்கு பிச்ச."

"அவன் ஊருல செத்தவனுக்கு வைக்கட்டும். எங்க வீட்டுல வர்றவனுக்குத்தான் வைப்போம்."

பத்தியை நேராகக் குத்திக் கொளுத்தினாள். வாசலோரம் கொண்டுபோனவள், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து, அழகேசன் வைத்த அதே ஸ்டூலில், தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.